வெட்டுக்கிளி பற்றி என் அபிப்பிராயம்

மார்ச் 5, செவ்வாய்

இன்று லேபில் ஒரு செயற்கை முன்பல். புது வேலையில் சேரப்போகும் பெண்ணாம், பல் டாக்டர் சீட்டில் ‘அவசரம்’ என்று இரண்டு கோடு போட்டு அனுப்பியிருந்தார். போர்சலைன் பொடியைக் குழைத்து, பிரஷ் நுனியில் எடுத்து, பக்கத்துப் பல்லின் நிறம் வரும்வரை மெல்லிசு மெல்லிசாக ஏற்ற வேண்டும். அப்போது சுண்டு விரல் மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஊன்றித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய சைக்கிளுக்குச் செவ்வாய்க்கிழமையும் விரல் தூங்குகிறது. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்து குளித்தால் சரியாகிவிடும்.

பல் நன்றாக வந்தது. சூளையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது எனக்கே சிரிக்கத் தோன்றியது. ஆனால் இதை எத்தனை நாள் கண்ணால் பார்த்துச் செய்வது?

மார்ச் 7, வியாழன்

நரம்பு டாக்டர். ஊசி வைத்து, கரண்ட் வைத்து, விரலை மடக்கி நிமிர்த்தி எல்லாம் பார்த்தார்.

“ஹேண்டில்ல உள்ளங்கையோட வெளி ஓரம் அழுந்துதுல்ல, அங்கதான் நரம்பு போகுது. சரளை ரோட்டுல நீங்க நாலு மணி நேரம் அதை அடிச்சுக்கிட்டே இருக்கீங்க.”

“என்ன பண்ணணும்?”

“சைக்கிளை விட்டுடுங்க. இல்லைன்னா அதிர்வையாவது விடுங்க.”

முதல் வாக்கியத்தை அவர் அறையிலேயே விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணியிடம் சொன்னேன். சொல்லாமல் முடியுமா? பதினோரு வருஷமாக ஞாயிறு காலை என்றால் நானும் அவளும்தான். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள், அண்ணனை விட எனக்கு நெருக்கமாகிப்போனாள். அவளுக்கு சைக்கிள் கடை. எனக்கு முதல் கிராவல் பைக்கை, அதாவது சரளை ரோட்டுக்கான சைக்கிளை, தலையில் கட்டியவளும் அவள்தான். ஜூன் மாதம் நடக்கும் ஜோடி ஓட்டத்துக்கு இரண்டு பேரும் பெயர் கொடுத்திருக்கிறோம். நூற்றுப் பத்து கிலோமீட்டர், பாதிக்கு மேல் சரளை. ஜோடியில் இருவரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு.

அணைக்கட்டுக் கரையில் நின்று தண்ணீர் குடிக்கும்போது விரல் விஷயத்தைச் சொன்னேன். அண்ணி வேறெங்கோ பார்த்தாள்.

“டயர்ல காத்தக் கொற. ஹேண்டில்ல இன்னொரு சுத்து டேப் சுத்து.”

“பண்ணியாச்சு அண்ணி.”

“க்ளவுஸ் மாத்து.”

“மாத்தியாச்சு.”

“அதுக்கு மேலயும் வேணும்னா சோபா இருக்கு, வீட்டுல உக்காரு.”

முன்னால் சஸ்பென்ஷன் போட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. கிராவல் பைக்கில் முன் சக்கரத்தைப் பிடிப்பதற்கு ஸ்பிரிங் இல்லாத கட்டை ஃபோர்க்தான் அழகு, வளையாது, நெளியாது, ரோடு என்ன சொல்கிறதோ அதை அப்படியே கைக்குச் சொல்லும், நடுவில் ஸ்பிரிங்கை வைத்தால் அது ரோட்டைப் பற்றிப் பொய் சொல்லும். “பொய் சொல்ற ஃபோர்க்க நம்பி இறக்கத்துல இறங்குவியா நீ?”

பதில் எனக்கு இப்போது எழுதும்போது வருகிறது. உண்மையைச் சொல்கிறேன் பேர்வழி என்று நாலு மணி நேரம் காதுக்குள் கத்தினால் அதுவும் தாங்காதே அண்ணி.

மார்ச் 13, புதன்

வழக்கமான சஸ்பென்ஷன் ஃபோர்க்கைப் பற்றி மூன்று நாளாகப் படிக்கிறேன். குழாய்க்குள் குழாய், உள்ளே காற்றும் எண்ணெயும். மலைப் பாதைக்குச் செய்ததைச் சின்னதாக்கிக் கொடுக்கிறார்கள். பெரிய கல்லுக்குச் சரி. என் பிரச்சினை பெரிய கல் இல்லை. பொடிக்கல். ஓயாத நடுக்கம். அந்தக் குழாய்கள் அசையத் தொடங்குவதற்குள் நடுக்கம் கைக்கு வந்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள்.

ஆனால் வேறு ஜாதி ஃபோர்க்குகள் இருக்கின்றன! குழாயே இல்லாதவை. பட்டைகளில் தொங்குபவை, மூட்டு வைத்து மடங்குபவை, ஒற்றைக் காலில் நிற்பவை. படங்களைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

மார்ச் 16, சனி

ஏணி வீட்டுக்குப் போனேன்!

ஏணி என்பவர் கிரேன் ஓட்டுபவர். ஆறடி நாலங்குலம், அதனால் சைக்கிள் ஆட்கள் எல்லாருக்கும் அவர் ஏணிதான், அவர் மனைவிக்கும் கூட. விசித்திரமான ஃபோர்க்குகளாகச் சேர்த்துவைத்து, மாற்றிக்கொண்டும் இரவல் கொடுத்துக்கொண்டும் இருப்பவர். கிளம்பும்போது மாமியார், “எங்கம்மா இவ்ளோ தூரம்?” என்றார். ஃபோர்க் வாங்க என்றேன். “அதுக்கா போற? வீட்டுலயே ஆறு கெடக்கே, சாப்பிடத்தான் யாரும் எடுக்கறதில்ல.”

ஏணியின் பால்கனியில் துணி காயப்போட இடமில்லை. கொடியில் ஃபோர்க்குகள் தொங்குகின்றன. தலைகீழாகச் செய்தது ஒன்று, ஒற்றைக் கால் ஒன்று, ரப்பர் உருண்டை வைத்தது ஒன்று. அவர் ஒவ்வொன்றையும் எடுத்துக் கையில் கொடுத்து, பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல் குணம் சொன்னார். “இவன் நல்லவன், ஆனா சோம்பேறி.” “இது ஒத்தக் கால். திறமைசாலி. ஆனா எல்லாரும் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேப்பாங்க, ஊருக்குப் போய்ச் சேர முடியாது.”

கடைசியாக அதை எடுத்தார். கார்பன் ஃபோர்க் ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது. அதன் இரண்டு கால்களின் முனையிலிருந்தும் மெல்லிய பட்டைகள் முன்னால் நீண்டு, ஒரு சின்னக் கட்டையைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தக் கட்டையில்தான் சக்கரம். லாரிக்குக் கீழே இருக்கும் பட்டை ஸ்பிரிங் மாதிரிதான், ஆனால் மூங்கில் சீவல் கனம். எண்ணெய் இல்லை, காற்று இல்லை, மூட்டு இல்லை, திருகக்கூட ஒன்றுமில்லை.

“இதுல கெட்டுப்போக என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“உங்க பேருதான்,” என்றார் ஏணி. “பாக்கறதுக்கு வெட்டுக்கிளி மாதிரி இருக்கும்.”

பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அசைந்தது. விட்டேன். வந்தது. மறுபடி அழுத்தினேன்.

ஜூன் வரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவரே மாட்டியும் கொடுத்தார்.

மார்ச் 17, ஞாயிறு

அண்ணிக்கு இன்று கடையில் வேலை. நல்லதாகப் போயிற்று. தனியாகப் போனேன். ஐயோ. ஐயோ! நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 18, திங்கள்

சரி, நிதானமாக.

தார் ரோட்டில் ஒன்றுமே தெரியவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன். கல்குவாரித் திருப்பம் வந்து சரளை ஆரம்பித்தது. வழக்கமாக அந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொள்வேன். கடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், கடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. கீழே பட்டைகள் கொசு இறக்கை மாதிரி நடுங்குகின்றன. கையில் நடுக்கம் இல்லை. யாரோ பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்திய மாதிரி.

வாய்விட்டுச் சிரித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாடு ஒன்று நிமிர்ந்து பார்த்தது.

குறைகளையும் எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் அண்ணி எழுதுவாள். எழுந்து நின்று மிதித்தால் தவளை மாதிரி எம்புகிறது. பெரிய பள்ளத்தில் விழுந்தால் இறங்கி, ஏறி, இன்னொரு தரம் இறங்கி ஏறுகிறது, ‘முடிஞ்சுதா’ என்று கேட்பதுபோல. அப்புறம், அழகு. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

ஆனால் இன்று திங்கள். காலை பத்து மணிக்கு, பிரஷ்ஷைப் பிடித்தபோது, சுண்டு விரல் மேசையைத் தொட்டது எனக்குத் தெரிந்தது! குனிந்து பார்க்கவே இல்லை!

மார்ச் 24, ஞாயிறு

அண்ணி பார்த்துவிட்டாள். கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“என்னடி இது?”

“ஃபோர்க்.”

“யாரு சொன்னா? இது எங்கயோ முட்டி உடைஞ்சு, கட்டு போட்டு வந்திருக்கு.”

“ஒரு தடவை ஓட்டிப் பாருங்க அண்ணி.”

“எனக்கு எதுக்கு? எனக்கென்ன வந்துச்சு?”

கொஞ்சம் சுருக்கென்று சொன்னாள். பிறகு அவளே சிரித்து, பட்டையைச் சுண்டிவிட்டு, “பாவம், வேலை செய்யட்டும்,” என்றாள். வழக்கம்போல் அவள் முன்னால், நான் பின்னால். ஆனால் பின்னால் ஒட்டிக்கொண்டே போனேன். அது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று பயந்துவிட்டேன்.

குவாரி இறக்கத்தில் வேகமாக வந்து, நடுவில் பிரேக்கைப் பிடித்தேன். கீழே உருண்டைக் கற்கள். முன் சக்கரம் இரண்டு பக்கமும் தலையாட்டியது. பட்டைகள் ஒரு பக்கம் இழுக்க, பிரேக் ஒரு பக்கம் இழுக்க, ஹேண்டில் எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆனது. விழவில்லை. எப்படி விழவில்லை என்றும் தெரியவில்லை.

கீழே அண்ணி காத்திருந்தாள். பார்த்திருக்கிறாள். என் முன் சக்கரத்தைக் காலால் தட்டிவிட்டு ஏறி மிதித்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

என் வீட்டுக்காரர் இவர், என் சைக்கிளைப் பற்றி இதுவரை கேட்ட ஒரே கேள்வி, “இதை வேற எங்கயும் வைக்க முடியாதா?” செயற்கைக் கால் செய்பவர். நாளெல்லாம் ஆட்களின் நடையையே பார்த்துவிட்டு வருபவருக்கு வீட்டில் சக்கரத்தைப் பார்க்கப் பொறுமை இருக்காது.

இன்று சாயங்காலம் கூடத்தில் வண்டியைக் குப்புறப் போட்டு நான் முறைத்துக்கொண்டிருந்தேன். இவர் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். பையைத் திறந்து ஒரு கார்பன் பாதத்தை எடுத்துவந்து ஃபோர்க் பக்கத்தில் வைத்தார். முழங்காலுக்குக் கீழே கால் இல்லாதவர்களுக்குப் பொருத்துவது, வளைந்த பட்டை.

“இது எங்க பாதமாச்சே!”

இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன.

ஞாயிறு நடந்ததைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்துகொண்டார். பதினைந்து வருஷத்தில் என் சைக்கிள் பக்கத்தில் இவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“பட்டை எதையும் வச்சுக்காது. வாங்குனதைத் திருப்பிக் குடுத்துடும். புதுசா பாதம் மாட்டினவங்க முதல் மாசம் அதோட சண்டை போடுவாங்க. அது தூக்கும்போது இவங்க அழுத்துவாங்க, தடுமாறுவாங்க. அது குடுக்குற நேரத்துல வாங்கிக்கணும், அவ்ளோதான்.”

“பிரேக் பிடிச்சா?”

“பிடிச்சா நீ அதைக் கட்டிப்போடறே. கட்டிப்போட்டுட்டு ஆடச் சொன்னா எப்படி ஆடும்? முன்னாடியே பிடிச்சுட்டு, கல்லு வர்ற எடத்துல விட்டுடு.”

எழுந்துபோகும்போது பட்டையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனார். எனக்கு ஏனோ வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

முன்னாடியே பிடி. கல்லில் விடு. நாலு தடவை அதே இறக்கம். நாலாவது தடவை வெண்ணெய்.

ஏப்ரல் 20, சனி

நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா? ஏணியிடம் இரண்டாவது ஒன்றையும் இரவல் கேட்டேன். மூட்டு வைத்தது. இரண்டு குட்டைக் கைகள் முழங்கால் மாதிரி மடங்கி, நடுவில் சின்ன ஷாக் அப்சார்பர். இதற்கு நான் வைத்த பெயர் முழங்கால்.

முழங்கால் பற்றி அபிப்பிராயம்: இறக்கத்தில் ராஜா. பிரேக்கைப் பிடித்தால் வழக்கமான ஃபோர்க் மூக்கைக் கீழே குத்தும், இது குத்தாது. நிமிர்ந்தபடியே நிற்கும். இரண்டாவது எம்பல் கிடையாது. பெரிய கல்லை விழுங்கிவிட்டு ஏப்பம் விடாது. குவாரி இறக்கத்தில் எனக்குப் பாட்டு வந்தது.

ஆனால் கனம். ஏற்றத்தில் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிற மாதிரி. எத்தனை மூட்டு! தூசி போன இடமெல்லாம் கீச்சு கீச்சு. முக்கியமான விஷயம், பொடி நடுக்கம். பாதிதான் தின்கிறது. மீதியைக் கைக்கு அனுப்பிவிடுகிறது.

இறங்குவதற்கு முழங்கால், போய்க்கொண்டே இருப்பதற்கு வெட்டுக்கிளி. எனக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ஏப்ரல் 22, திங்கள்

விரல் சொல்லிவிட்டது. முழங்காலோடு போன சனிக்கு, இன்று சுண்டு விரல் அரைத் தூக்கம். வெட்டுக்கிளியைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

மே 5, ஞாயிறு

எண்பது கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து ஊசியில் நூல் கோத்தேன், முதல் தடவையிலேயே. தைக்க ஒன்றுமில்லை. சும்மா.

மே 19, ஞாயிறு

சண்டை.

நான்தான் ஆரம்பித்தேனோ? கடையில் ஒருவர் சைக்கிள் வாங்க வந்திருந்தார். வயதானவர், கை வலி என்றார். அண்ணி அவரிடம் கட்டை ஃபோர்க் வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “சார், இதை ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க,” என்று என் வண்டியைக் கொடுத்துவிட்டேன். அவர் பின்பக்க மண்பாதையில் ஒரு சுற்றுப் போய்விட்டு, குழந்தை மாதிரி வந்தார். “இது உங்க கிட்ட இருக்கா?” என்று அண்ணியைக் கேட்டார். இல்லை என்றாள். அவர் போய்விட்டார்.

“என் கடையில வந்து என் வியாபாரத்தக் கெடுக்கறியா?”

“அவருக்குக் கை வலி அண்ணி.”

“கை வலிச்சா ஓட்டக் கூடாது. அந்தந்த வயசுல அதத விடணும். பட்டையைக் கட்டிக்கிட்டு, முழங்காலைக் கட்டிக்கிட்டு... நீ சைக்கிள் ஓட்டலடி. ஊஞ்சல் ஆடற.”

ஊஞ்சல் ஆடுகிறேனாம். நானா? மழையில, வெயில்ல, காய்ச்சலோட, ஒரு ஞாயிறு தவறாம இவ பின்னாடியே போனவ நான். இவ நிழலப் பாத்துக்கிட்டே பதினோரு வருஷம் ஓட்டியிருக்கேன். எனக்கு விரல் செத்துப் போனாலும் பரவால்ல, இவளுக்கு ஃபோர்க் அழகா இருக்கணும். அப்படித்தானே? வேற என்னன்னு எடுத்துக்கறது?

திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அவளும் கூப்பிடவில்லை.

மே 26, ஞாயிறு

தனியாக ஓட்டினேன். நல்ல வெயில், நல்ல ரோடு. வண்டி பறந்தது. யாரிடம் சொல்ல?

ஜூன் 2, ஞாயிறு

அண்ணி போன் செய்தாள். “அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு வாசல்ல நில்லு. உன் செயினுக்கு எண்ணெய் போடு, போன தடவையே கத்திச்சு.” வைத்துவிட்டாள்.

அவளுக்கு மன்னிப்பு என்றால் எண்ணெய். எனக்கு அது போதும்.

ஜூன் 8, சனி

நாளைக்கு! டியூப், பம்பு, பேரீச்சம்பழம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. இவர் வந்து பட்டையெல்லாம் தடவி ஒரு வெடிப்பும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். “ஜெயிச்சுடுவியா?” என்றார். ஜோடி ஓட்டத்தில் எங்கள் லட்சியம் கடைசி ஆளாக வராமலிருப்பது என்றேன். “அப்போ சரி, பயமில்ல,” என்று சிரித்தார்.

ஜூன் 10, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்தால் எழுதலாம் என்பதால் எழுதுகிறேன். கடைசி இரண்டு விரல்கள் இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை. ஏன் என்று பிறகு.

ஆரம்பம் அமர்க்களம். நூறு ஜோடிகளுக்கு மேல். என் ஃபோர்க்கைப் பார்த்து ஒருவர், “மேடம், முன்னாடி ஏதோ கழண்டிருக்கு,” என்றார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்து, “அது அப்படித்தான்,” என்றாள். நான் மனதுக்குள் அவளைக் கட்டிக்கொண்டேன்.

முதல் அறுபது கிலோமீட்டர் அண்ணிதான் முன்னால். காற்றை வாங்கிக்கொண்டு இழுத்தாள், வழக்கம்போல. பிறகு நீர்த்தேக்கத்தைத் தாண்டி அந்த மண் ரோடு வந்தது. லாரி ஓடி ஓடி, துணி துவைக்கும் கல் மாதிரி வரி வரியாகிவிட்ட ரோடு. கண்ணுக்கெட்டிய தூரம் வரி. என் முன்னால் இருந்த ஆட்களெல்லாம் ஓரத்தில் புல்லைத் தேடி ஒதுங்குகிறார்கள். நான் நடுவில் போனேன். வெட்டுக்கிளிக்கு இதுதான் சொந்த ஊர். பட்டைகள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன, மேலே நான் கம்பளத்தில் போகிறேன். ஒருவரைத் தாண்டினேன். இன்னொருவரை. அப்புறம் ஒரு பழக்கமான முதுகு.

அண்ணியைத் தாண்டிவிட்டேன்! பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ரோடு மட்டும்.

கத்தலாம்போல இருந்தது. கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அண்ணி சின்னதாகத் தெரிந்தாள். ரொம்பச் சின்னதாக. நின்றேன். வந்தாள். முகத்தில் புழுதி.

“போயேன், ஏன் நிக்கற?”

“ஜோடி அண்ணி.”

“தெரியும்.”

மறுபடி கிளம்பினோம். அவளை முன்னால் விட்டேன். ஒரு சின்ன இறக்கம், அடியில் இடது பக்கம் திருப்பம். அவளுக்கு அதெல்லாம் தூக்கத்தில் வரும். ஆனால் திருப்பம் வந்தது, அண்ணி திரும்பவில்லை. பிரேக்கும் பிடிக்கவில்லை. நேராகப் போய் ரோட்டோரம் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி, மெதுவாக, ரொம்ப மெதுவாக, பக்கவாட்டில் சாய்ந்தாள்.

ஓடினேன். அடி ஒன்றுமில்லை, முட்டியில் சிராய்ப்பு. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கினாள். மூடியைத் திருகினாள். திறக்கவில்லை. மறுபடி திருகினாள். விரல்கள் மூடிமேல் வழுக்கி வழுக்கிப் போயின. நான் அந்த விரல்களையே பார்த்தேன். அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

“பிரேக் எங்க இருக்குன்னே தெரியலடி,” என்றாள். “பிடிச்சிருக்கேன்னு நெனச்சேன்.”

“எப்போலேர்ந்து?”

“உனக்கு முன்னாடியே.”

ஜல்லிமேலேயே உட்கார்ந்துகொண்டேன். இரண்டு வருஷமாம். கட்டைவிரலும் அடுத்த இரண்டும். கடையில் சக்கரக் கோட்டம் எடுக்கும் வேலையெல்லாம் சத்தமில்லாமல் வெளியே கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். சக்கரக் கம்பி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லையாம். அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

“சைக்கிள் கடைக்காரிக்குக் கை போச்சுன்னா யாருடி வண்டிய விடுவாங்க?”

எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது. ஏன் சொல்லல? நான் வந்து என் விரலப் பத்தி அழுதேனே, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? டயர்ல காத்தக் கொற, சோபால உக்காருன்னு... அதெல்லாம் எனக்கா சொன்னீங்க? உங்களுக்கே சொல்லிக்கிட்டீங்களா?

அப்படியே கேட்டுவிட்டேன். அவள் ஜல்லிக் கல் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “நீ அதைப் போட்டு ஓட்டறதப் பாத்தா ஆசையா இருந்துச்சு. ஓட்டிப் பாத்துட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்,” என்றாள்.

பக்கத்தில் ஜோடிகள் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ “எல்லாம் ஓகேவா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கும் அவளுக்கும் உயரம் ஒன்றுதான். பெடலும் ஒரே மாதிரி, அவள் போட்டுக் கொடுத்ததுதானே. எழுந்து என் வண்டியை அவள் பக்கம் தள்ளினேன்.

“உன் விரலு?”

“ரெண்டு நாள் தூங்கும். உங்களுது இன்னிக்கு பிரேக் பிடிக்கணும்.”

“என்னால இத ஓட்டிக்கிட்டு கோட்டத் தாண்ட முடியாது. எல்லாரும் பாப்பாங்க.”

“அப்போ நடங்க. இன்னும் முப்பத்தி நாலு கிலோமீட்டர்.”

முறைத்தாள். ஏறினாள்.

அவளுடைய கட்டை ஃபோர்க்கில் நான். அதைப் பற்றியும் நியாயமாக எழுத வேண்டும். அண்ணி சொன்னது பொய்யில்லை. டயர் பிடிப்பது, வழுக்கப் போவது, மணலா மண்ணா என்பது எல்லாம் கைக்கு அந்த நொடியே வருகிறது. திருப்பத்தில் கத்தி மாதிரி போகிறது. மூன்று மாதம் மெத்தையில் இருந்துவிட்டு வந்த எனக்கு முதல் ஐந்து கிலோமீட்டர் அது ஒரு சுகம்கூட. பேசுகிறது, பேசுகிறது, நன்றாகத்தான் பேசுகிறது. வாயைத்தான் மூடுவதில்லை.

அண்ணி பின்னால் வந்தாள். கல் வரும் இடத்தில் பிரேக்கை விடச் சொல்லித் திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டு வந்தேன். நீண்ட நேரம் கழித்து அவள் குரல் வந்தது.

“இந்தச் சனியன் துள்ளுது!”

“துள்ளும்!”

“எழுந்து மிதிச்சா எம்புது!”

“உக்காந்து மிதிங்க!”

கொஞ்சம் கழித்து வேறு குரல். சின்னப் பெண் குரல் மாதிரி. “ஏய்... கட்டைவிரல் வருதுடி.”

நான் திரும்பவில்லை. திரும்பினால் நானும் ஜல்லிக் குவியலில்தான் ஏறியிருப்பேன், கண் அப்படி இருந்தது.

கடைசி ஏற்றத்தில் நான் சோர்ந்துபோனேன். அவள் பக்கத்தில் வந்து ஒரு கையை என் முதுகில் வைத்துத் தள்ளினாள். ஒற்றைக் கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, சரளையில்! கட்டை ஃபோர்க்கில் அது நடக்காது, அவளுக்கும் தெரியும். கோட்டைச் சேர்ந்தே தாண்டினோம். எங்களுக்குப் பின்னால் ஏழு ஜோடிகள். ஏழு!

இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: “அசிங்கமாத்தான் இருக்கு.” வண்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதிலேயே காரை நிறுத்திய இடம்வரை ஓட்டிப்போனாள்.

ஜூன் 13, வியாழன்

விரல்கள் திரும்பிவிட்டன. ஒரு பல் தாமதமானதற்குப் பல் டாக்டர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

ஜூன் 20, வியாழன்

அண்ணியை நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். கூடவே அண்ணன். முதல் நாள்தான் அவனிடம் சொல்லியிருக்கிறாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, “என்கிட்டயே சொல்லலையே,” என்று என்னிடம் மூன்று தடவை சொன்னான்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது. சின்ன ஆபரேஷன். “நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்க,” என்றார் டாக்டர். அண்ணி என்னைக் காட்டி, “இவ தொல்லை தாங்காம வந்தேன்,” என்றாள்.

ஜூலை 6, சனி

ஆபரேஷன் முடிந்து நாலு நாள். கட்டுப் போட்ட கையோடு கடையில் உட்கார்ந்து எல்லாரையும் விரட்டுகிறாள். நான் சனிக்கிழமை மட்டும் போய்ச் சக்கரம் பார்க்கிறேன். பல் செய்யும் கைக்குக் கம்பி ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நினைத்துப் போனேன். முதல் சக்கரம் முட்டை மாதிரி வந்தது. அண்ணி சிரித்த சிரிப்பில் வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றும் தனியாகத்தான் போனேன். திரும்பி வந்ததும் போன் செய்து எந்த ரோடு, எங்கே மணல், எங்கே பள்ளம் என்று எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம். அவள் “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 14, சனி

கடை வாசலில் இரண்டு கிராவல் பைக்குகள் நின்றன. ஒன்று கட்டை, ஒன்று பட்டை. பட்டைக்கு முன்னால் ஒரு பெண் நீண்ட நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, “இது நல்லா இருக்குமா?” என்று கேட்டாள்.

“பாக்கவா, ஓட்டவா?” என்றாள் அண்ணி. நிமிரவில்லை. அவள் ஸ்டாண்டில் ஒரு சக்கரத்தை மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஓட்ட.”

“பின்னாடி மண் ரோடு இருக்கு. நாலு சுத்து போய்ட்டு வாங்க. கல்லுல பிரேக் பிடிக்காதீங்க. வண்டி பிடிக்கலைன்னா சொல்லுங்க, எனக்கும் எல்லா நாளும் பிடிக்கறதில்ல.”

அந்தப் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அண்ணி சக்கரத்தை நிறுத்தினாள். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து விட்டுக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நின்றாள். திரும்பவும் தொட்டாள்.

“இது லூஸ்,” என்றாள்.

நானும் தொட்டுப் பார்த்தேன். ஆமாம், லூஸ்தான்.